முதல் கூடை

எங்கள் தெருவில் யாருக்கும் வெள்ளைத் துணி நிலைத்ததில்லை. கடையில் வெள்ளையாக வாங்கியது ஒரு வாரத்தில் எங்கள் நிறத்துக்கு வந்துவிடும். தெருமுனையில் துறைமுகத்தின் கரிமேடு இருந்தது. காற்று எந்தத் திசையில் கிளம்பினாலும் நம்ம வீட்டை விசாரித்துக்கொண்டுதான் வரும் என்பாள் அத்தை. கொடியில் காயும் துணி, தண்ணீர்ப் பானை, குழந்தையின் காதுமடல், சாப்பிடுகிற தட்டு என்று கரித்தூள் புகாத இடமே கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மாதம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த மாதம் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களைத் தெருக்காரர்களாக ஒத்துக்கொள்வோம்.

கப்பல்தான் எங்களுக்குப் பொழுது. துறைமுகத்தின் சங்கு ஒருமுறை நீளமாக ஊதினால் கப்பல் வருகிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு ஊதினால் கரி வேண்டும் என்று அர்த்தம். உடனே தெருவில் இருக்கிற பெண்களெல்லாம் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி கூடையை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பால் குடிக்கிற குழந்தையைப் பக்கத்து வீட்டில் போடுவார்கள். அடுப்பில் கொதிப்பதை இறக்கி வைப்பார்கள். கப்பல் வந்த நாளில் முடிவெட்டுகிறவருக்கும் தையல்காரருக்கும் தலைகால் புரியாது. கப்பல் வராத வாரத்தில் தெரு முழுக்கச் சண்டை. நான் பிறந்ததைக்கூட, "அந்தப் பெரிய வெள்ளைக் கப்பல் தரை தட்டினப்போ" என்றுதான் அம்மா சொல்வாள். அந்தக் கப்பலை இழுத்து மிதக்கவிட்டார்களா, அப்படியே விட்டுவிட்டார்களா என்று நான் கேட்டதில்லை. என் கவலை எனக்கு.

அம்மா கரி சுமந்தாள். கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குத் தோணியில் கரி போகும். தோணியிலிருந்து சாய்வாகப் பலகை போட்டிருப்பார்கள். தலையில் கூடையோடு அந்தப் பலகையில் ஏறி, கப்பலின் விலாவில் இருக்கும் துளைக்குள் கரியைக் கவிழ்த்துவிட்டு இறங்க வேண்டும். அம்மாவைப் பார்த்தால் ஊதினால் விழுந்துவிடுவாள் போல் இருப்பாள். ஆனால் பலகை ஆடும்போது கூடையைத் தொடாமல் கையை வீசிக்கொண்டு போவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை தோணிக்கும் கப்பலுக்கும் நடுவில் இடது கை மாட்டிக்கொண்டது. சுண்டுவிரல் நசுங்கி வெளிப்பக்கமாக மடங்கியே நின்றுவிட்டது. அவள் கையைக் காட்டினால் அந்த விரல் மட்டும் வேறு எங்கோ வழிகாட்டும்.

அப்பா கப்பலில் உலைக்காரர். கப்பலின் அடிவயிற்றில் நின்று உலைக்குக் கரி வாரிப் போடுகிற வேலை. "இவ கொட்டுறா, அவன் எரிக்கிறான். எங்க வீட்டு லட்சணமே அதுதான்" என்று அத்தை எல்லாரிடமும் சொல்வாள். அத்தை அப்பாவின் அக்கா. அம்மாவோடு சேர்ந்து அவளும் கரி சுமந்தாள். வாய் மட்டும் தனியாக இன்னொரு கூடை சுமக்கும்.

அப்பாவின் கப்பல் எங்கள் துறைமுகத்தில் கரி ஏற்ற நின்றால் அவருக்கு அரைநாள் விடுப்பு. குளிப்பதற்கே பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். என் உள்ளங்காலைத் தன் நடுவிரலோடு வைத்து அளப்பார். "இன்னும் என் விரல் நீளம் வரல. என்னடி சோறு போடற இவளுக்கு?" என்பார். "நீங்க போய்ட்டு வந்து அளந்தா எப்படிங்க வளரும்? கூட இருந்து பாருங்க, வளரும்" என்பாள் அம்மா. இதெல்லாம் அவர்கள் சொல்லிக் கேட்டதுதான். அப்பாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. ஏதோ ஒரு கப்பலின் தானிய மூட்டைகளோடு எலியும், எலியோடு அதுவும் வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். கப்பலைக் கழுவிவிட்டு அனுப்பிவைத்தார்கள். எங்கள் வரிசை வீடுகளின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். வெயில் உள்ளே விழுந்தால் நோய் சாகுமாம். பாயையும் துணியையும் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். செத்தவர்களை ஒரு வண்டியில் ஏற்றினார்கள், மற்றவர்களை இன்னொரு வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் அடைத்தார்கள். அம்மா, நான், அத்தை மூவரும் இரண்டாவது வண்டியில் போனோம். துரைமார் வீடுகளிலும் எலி இருந்திருக்கும். அங்கே யாரும் கூரையைத் தொட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நாங்கள் கொட்டகையில் இருந்தபோது அப்பாவின் கப்பல் வந்தது. அவர் ஓடி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே யாரும் இல்லை. எதிர்வீட்டுத் தச்சர் தன் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வாசலில் பித்துப்பிடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மாவும் குழந்தையும் முகம் மூடி முதல் வண்டியில் போனதை அவர் பார்த்திருக்கிறார். அது பக்கத்து வீட்டு அம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை. தச்சர் அப்பாவிடம், "உன் பொண்டாட்டியும் பொண்ணும் செத்துட்டாங்கப்பா. நானே கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஆளைக் குறை சொல்லி என்ன பயன்? அப்பா வாசலிலேயே சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

இது எங்களுக்குத் தெரிய வந்ததே, பிற்பாடு தெருவில் அரைக்கால் என்று பெயர் வாங்கியவர் மூலமாகத்தான். அவரும் அப்பாவோடு உலையறையில் இருந்தவர். கொதிநீர்க் குழாய் வெடித்துப் பாதம் வெந்துபோனதால், அடுத்த நடையில் கப்பல்காரர்கள் அவரை எங்கள் ஊரில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நொண்டி நொண்டிக் கரிமேட்டுப் பக்கம் வேலை கேட்டு வந்தவர், கூடையோடு நின்ற அம்மாவைப் பார்த்துப் பேயைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார்.

"நீ உயிரோடவா இருக்க?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? அவரு எங்கே? நல்லா இருக்காரா? கப்பல் நின்னும் ஏன் வீட்டுக்கு வரல?"

"எந்த வீட்டுக்கும்மா வருவாரு? நீயும் பாப்பாவும் போய்ட்டீங்கன்னுல்ல அவரு கரைப்பக்கம் தலையக்கூடத் திருப்பாம இருக்காரு!"

அம்மா கூடையைக் கீழே வைக்கவே மறந்துபோய் அப்படியே நின்றாளாம்.

அரைக்கால் இன்னொன்றும் சொன்னார். அடுத்த நடையோடு அப்பாவின் ஒப்பந்தம் முடிகிறது. அதன் பிறகு, எங்களைத் தாண்டி இருக்கிற பெரிய துறைமுகத்தில் இறங்கி நெடுந்தூரக் கப்பலுக்குக் கைநாட்டு வைக்கப்போகிறார். உலகத்தின் அந்தப் பக்கம் ஓடுகிற கப்பல்கள் அவை. எங்கள் பக்கம் திரும்பவே திரும்பாது. "எனக்குக் கரையில யாரு இருக்கா, எங்க போனா என்னன்னு சொன்னாரும்மா. நாங்க சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்" என்றார்.

அப்பாவின் கப்பல் இன்னும் ஒரே ஒரு முறை வரும். அதற்குள் நாங்கள் உயிரோடிருப்பதை அவருக்குத் தெரியப்படுத்தியாக வேண்டும். அம்மா போகிற வருகிற கப்பல்காரர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். யார் எந்தக் கடலில் யாரைப் பார்த்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் அவள் பெரிதாகப் பயப்படவில்லை. கப்பல் வந்தால் எப்படியும் கரி வேண்டும். கரி வேண்டுமென்றால் அம்மா பலகையில் ஏறுவாள். ஏறினால் ஒரு சத்தம் போடப்போகிறாள், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தாள்.

கப்பல் வந்தது. புகைபோக்கியில் வெள்ளைப் பட்டை போட்ட அதே கப்பல். ஆனால் கொடிக்கம்பத்தில் மஞ்சள் கொடி ஏறியிருந்தது.

மஞ்சள் கொடி என்றால் கப்பலில் நோய். யாரும் இறங்கக் கூடாது, யாரும் ஏறக் கூடாது. சுற்றிலும் காவல் படகு. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அலைதடுப்புச் சுவரின் கோடிவரை ஓடினாள். என்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கப்பலின் கம்பிகளைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கத்தில் நின்றதாம். மேல்தளத்தில் சிலர் நடமாடினார்கள். எல்லாரும் கறுப்பாக, எல்லாரும் ஒரே மாதிரி. கை வலிக்கிற வரைக்கும் தூக்கிப் பிடித்தாள். பிறகு அத்தை பிடித்தாள். நான் வீரிட்டு அழுதேன் என்று இருவரும் பிற்பாடு என்மேல் குறைப்பட்டுக்கொள்வார்கள். நன்றாகத் தெரியட்டுமே என்று அழுதிருப்பேன், யார் கண்டது?

கப்பல் கம்பெனி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உலைக்காரங்க பேரெல்லாம் எங்ககிட்ட கிடையாதும்மா. இத்தனை ஆளுன்னு அவங்க தலைவன் கணக்கு கொடுப்பான், அவ்வளவுதான். உள்ள யாரு இருக்கா, யாரு செத்தான்னு எங்களுக்கே தெரியாது."

"ஒரு வார்த்தை, ஐயா. நாங்க இருக்கோம்னு ஒரே வார்த்தை சொன்னா போதும்."

"யாரு போய்ச் சொல்றது? டாக்டர் துரை படகைத் தவிர வேற படகு போகாது. அவரு முதல் வகுப்புப் பயணிங்களைப் பார்க்கவே நேரமில்லாம இருக்காரு. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

அம்மாவுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லையாம். கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலையில் சங்கு விட்டுவிட்டு ஊதியது. நோயோ நொடியோ, கப்பலுக்குப் பசித்தால் தின்றுதானே ஆக வேண்டும்! மஞ்சள் கொடி பறந்தபடியே இருக்க, கரி மட்டும் போகலாம் என்று உத்தரவாகியிருந்தது. பெண்கள் துளைவரைக்கும் ஏறலாம். கப்பலுக்குள் கால் வைக்கக் கூடாது. உள்ளே கரியை வாங்கிப் பரப்புவது கப்பலின் ஆட்களே.

அம்மாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கரி உள்ளே போகிறது. கரியோடு சேர்த்து வேறு ஒன்றும் போகலாமே? வாங்கிப் பரப்புகிற உலைக்காரர்களில் அவரும் இருப்பார். இல்லாவிட்டால் அவரைத் தெரிந்தவர் இருப்பார்.

"பாப்பாவோட வளையலைப் போடு" என்றாள் அத்தை.

"வளையலைப் பார்த்தா செத்த குழந்தையோடதுன்னு இன்னும்தான் அழுவாரு. உயிரோட இருக்கோம்னு தெரியணும்ல?"

"அப்ப உன்னைத்தான் கூடையில வச்சு அனுப்பணும்."

அம்மா எதிர்வீட்டுத் தச்சரிடம் ஓடினாள். படகுகளின் அடியில் பூசுகிற சிவப்புச் சாயம் அவரிடம் எப்போதும் இருக்கும். உப்புத்தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் போகாத சாயம். செய்தி கேட்டதும் தச்சர் டப்பாவோடு தானே வந்துவிட்டார். தன் வாயால் வந்த வினை என்று அவருக்கும் தெரியும்.

அம்மா பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து விரித்தாள். என் காலைப் பிடித்துச் சாயத்தில் முக்கி அதில் பதித்தாள். பக்கத்தில் தன் இடது கையைப் பதித்தாள். மடங்கிய சுண்டுவிரல் அப்படியே விழுந்தது. அப்பா கடைசியாக அளந்தபோது அவர் விரல் நீளம்கூட இல்லாத கால், இப்போது நன்றாகவே வளர்ந்திருந்தது. செத்த குழந்தையின் கால் வளராது. அதைவிடத் தெளிவாக எந்தக் குமாஸ்தாவாலும் எழுத முடியாது என்று நான் இன்றும் நினைக்கிறேன். துணி காய்ந்ததும் சுருட்டிப் புகையிலை டப்பா ஒன்றில் வைத்து இறுக மூடினாள்.

தோணியில் போகும்போதே அம்மா, மேஸ்திரி அம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். மேஸ்திரி அம்மா என்பவள் எங்கள் பெண்களுக்குத் தலைவி. யார் முன்னால், யார் பின்னால் என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"நான் முதல்ல போறேன்க்கா. முதல் கூடை என்னோடதா இருக்கட்டும். நடுவுல நிறுத்திட்டாங்கன்னா? காவல்காரன் ஏதாவது சொல்லிட்டா?"

"போடி. போய்ப் போட்டுட்டு வா" என்றாள் மேஸ்திரி அம்மா. மற்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் அழுதார்களாம். முதல் கூடைக்காக மற்ற நாளில் அடித்துக்கொள்கிற கூட்டம் அது.

அம்மா பலகையில் ஏறினாள். கரிக்கு நடுவில் டப்பாவைப் புதைத்து வைத்திருந்தாள். துளைக்குள் குனிந்து, "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். டப்பா எங்கோ கீழே இரும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. அதற்குள் பின்னால் அடுத்த கூடை வந்துவிட்டது, நகர வேண்டியதாயிற்று. பிறகு வரிசை நிற்கவேயில்லை. கரி விழுகிற இரைச்சலில் யார் கத்துவதும் யாருக்கும் கேட்காது. அத்தை ஒவ்வொரு முறை ஏறும்போதும் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அன்றைக்குப் போன குரல் அவளுக்கு முழுசாகத் திரும்பவில்லை.

வேலை முடியப்போகிற நேரத்தில் துளைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. அப்பா இல்லை, யாரோ ஒருவர். அம்மா சத்தம் போட்டாள். அந்த ஆள் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினார். அம்மாவிடம் காட்டக் கையில் எதுவும் இல்லை. இடது கையை விரித்து நீட்டி, அந்த மடங்கிய விரலைக் காட்டினாள். இந்த விரலைப் பற்றி அவரிடம் சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கும்பிட்டாளாம். அந்த ஆள் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். காவல் படகிலிருந்து விசில் அடித்தார்கள்.

இருந்தாலும் அம்மா கரைக்குச் சந்தோஷமாகத்தான் திரும்பினாள். டப்பா உள்ளே போய்விட்டது, யார் கையிலாவது சிக்காமலா போகும்? இறங்குதுறையில் அரைக்கால் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எத்தனையாவது கூடையிலம்மா போட்ட?"

"முதல் கூடை, அண்ணே. அடிச்சுப் பிடிச்சு முதல் கூடையே வாங்கிட்டேன்."

அவர் தரையிலிருந்த கரித்தூளைக் கையால் கூட்டிக் கூட்டிக் குவித்தார்.

"முதல்ல விழற கரியை அங்கேயே விடமாட்டாங்கம்மா. அடுத்தது விழ இடம் வேணும்ல? அப்படியே மண்வெட்டியால தள்ளித் தள்ளிக் கோடி மூலைக்குக் கொண்டுபோவாங்க. இருட்டுல என்ன கிடக்குன்னு யாரும் பார்க்கறதில்ல. அதுக்கு மேல மொத்தக் கரியும் ஏறிடும். கடைசியா விழறதுதான் உலைக்கு முதல்ல போகும். மூலையில கிடக்கறதை எடுக்க..."

"எடுக்க?"

"நடை முடியற சமயத்துலதான் எடுப்பாங்க. சில சமயம் அதுகூட இல்ல. கடைசிக் கூடையில போட்டிருந்தா இன்னைக்கே கையில கிடைச்சிருக்கும்மா."

அம்மா சின்ன வயதிலிருந்து கப்பல்களுக்குக் கரி கொட்டி வந்தாள். கரி துளைக்குள் போன பிறகு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் பெண்களில் யாருக்குமே தெரியாது. துளைக்கு அந்தப் பக்கம் அவர்களை யாரும் பார்க்கவிட்டதில்லை.

கப்பல் இன்னும் அங்கேயேதான் நின்றது. அதுதான் கொடுமை. அம்மா மேஸ்திரி அம்மாவிடம் ஓடினாள், இன்னும் ஒரே ஒரு கூடை கொண்டுபோகலாமா என்று. கரி நிறைந்துவிட்டது, துளையை அடைத்துவிட்டார்கள் என்றாள் அவள். குமாஸ்தாவிடம் ஓடினாள். அலுவலகம் பூட்டியிருந்தது. தோணிக்காரர்களைக் கெஞ்சினாள். சுட்டுவிடுவார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு விலகினார்கள். திரும்ப அலைதடுப்புச் சுவருக்கு வந்தபோது நங்கூரம் மேலே வந்துகொண்டிருந்தது. புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை கிளம்பியது. "நான் கொட்டின கரிடி அது. நானே கொட்டி நானே அனுப்பிட்டேன்" என்று எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருப்பாள்!

அதன் பிறகும் அம்மா கரிதான் சுமந்தாள். வேறென்ன செய்வாள்? சங்கு ஊதினால் ஓடினாள். ஒவ்வொரு கப்பலின் துளையிலும் குனிந்து ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் கூடையைக் கவிழ்த்தாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அது ஏதோ வேலையின் முறை என்று நினைத்துக்கொண்டு அவர்களும் குனிந்து குரல் கொடுக்க ஆரம்பித்தார்களாம். அம்மா யாரையும் தடுக்கவில்லை.

எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயதில், கரிமேட்டுக்கு ஒருவர் வந்தார். சுண்டுவிரல் மடங்கிய அம்மா யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். அன்றைக்குத் துளையிலிருந்து எட்டிப் பார்த்தவர்தான். அவர் கையில் அந்தப் புகையிலை டப்பா இருந்தது, நசுங்கிப்போய்.

"கப்பலைப் பழுது பார்க்க நிறுத்தினாங்க. கரியறையைக் கூட்டும்போது மூலையில கிடந்துச்சும்மா. திறந்து பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னைக்கு நீங்க கையைக் காட்டினீங்க. நான் என்னமோ வழியனுப்பறீங்கன்னு நினைச்சுச் சிரிச்சிட்டுப் போய்ட்டேன்."

"அவரு?"

"அன்னைக்கு அவரு அந்தப் பக்கத்துக் கரியறையில இருந்தாரு. அடுத்த துறைமுகத்துலயே இறங்கி நெடுந்தூரக் கப்பல் ஏறிட்டாரு. ரெட்டைப் புகைபோக்கிக் கப்பல். பேரு எனக்குத் தெரியல. இந்தப் பக்கம் அதெல்லாம் வராதும்மா."

அம்மா துணியை எடுத்துத் தரையில் விரித்தாள். சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு அந்தக் கால் மேல் நிற்கச் சொன்னாள். நின்றேன். என் காலுக்கடியில் அந்தக் கால் முழுசாக மறைந்துபோனது.

"எங்களைப் பத்தி ஏதாவது பேசுவாரா?" என்று கேட்டாள் அம்மா.

"உங்களைப் பத்திப் பேசமாட்டாரு. பேச ஆரம்பிச்சா முடிக்கமாட்டாரு, அழுதுடுவாரு. பொண்ணைப் பத்தி மட்டும் சொல்வாரு." அந்த ஆள் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் நடுவிரலை நீட்டி, அதில் நகத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டைவிரலை வைத்துக் காட்டினார். "எம்பொண்ணு கால் இவ்வளவுதான் இருக்கும்னு சொல்வாரு."

அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணியின் மேல் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.